எல்லை தாண்டிப் போன பவுண்டி ஹன்டர்: மெக்சிகோவில் சாப்மன் செய்தது எந்த இடத்தில் குற்றமானது?

வழக்குப்பைத்தியம் (கேள்வி)

அமெரிக்க பவுண்டி ஹன்டர் (ஜாமீனில் ஓடிப்போனவர்களைக் காசுக்குப் பிடித்துக் கொடுப்பவர்) 'டாக்' சாப்மன் 2003ல் மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்த்தாவில் ஆண்ட்ரூ லஸ்டரைப் பிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லஸ்டர், மேக்ஸ் ஃபேக்டர் அழகுப்பொருள் குடும்பத்துக் கொள்ளுப்பேரன். பெண்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வன்கொடுமை செய்த வழக்கில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே 2003 ஜனவரியில் ஓடிவிட்டார். ஆள் இல்லாமலேயே 86 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று முடிவாகி 124 வருடத் தண்டனை விழுந்தது. ஜூன் 18ல் சாப்மன் பிடித்தார். அதோடு சாப்மனும் உள்ளே போனார்!

என் சந்தேகங்கள்:

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1872லேயே, ஜாமீன் கொடுத்தவர் ஆளைத் துரத்திப் பிடிக்கலாம், வீட்டுக்குள் புகுந்துகூடப் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறதே, அது மெக்சிகோவில் ஏன் செல்லவில்லை? சாப்மன் செய்தது ஆள்கடத்தல் என்றால் லஸ்டரை மட்டும் எப்படிச் சிறையில் வைத்துக்கொண்டார்கள்? சாப்மனுக்குப் பணம் கிடைத்ததா? கடைசியாக, ஆள் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகள் உண்மையில் என்னதான் செய்கின்றன? டிவியில் காட்டுவதை நம்பி ஏமாற விருப்பமில்லை.

கறுப்புக்கோட்டு

நீங்கள் சொல்வது டெய்லர் எதிர் டெயின்டர் வழக்கு. அதில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரிகளை நிதானமாகப் படித்தால் பதில் அதிலேயே இருக்கிறது. ஜாமீன்தாரர் ஆளை 'வேறொரு மாநிலத்துக்கு' துரத்திப் போகலாம் என்றுதான் இருக்கிறது. வேறொரு நாட்டுக்கு என்று இல்லை.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 1869ல், ரீஸ் எதிர் அமெரிக்கா வழக்கில் அதே நீதிமன்றம் நேராகவே சொல்லிவிட்டது: இந்தப் பிடிக்கும் அதிகாரம் அமெரிக்க எல்லைக்குள் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கின் ஆளும் மெக்சிகோவுக்குப் போனவர். கலிஃபோர்னியா நில மோசடி வழக்கில் சிக்கிய லிமான்டூர். ஆளை வெளிநாடு போக அரசாங்கமே ஒத்துக்கொண்டுவிட்டு, பிறகு ஜாமீன்தாரரிடம் 'அவரைக் கொண்டுவா' என்று கேட்பது நியாயமில்லை என்பது அங்கே தீர்ப்பின் சாரம். ஜாமீன்தாரரால் எல்லைக்கு வெளியே பிடிக்க முடியாது என்பதுதான் அந்த வாதத்துக்கே அஸ்திவாரம்.

அடிப்படையில் இது ஒப்பந்த உரிமை. ஓடிப்போனவர் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, 'நான் வராவிட்டால் நீ என்னைப் பிடிக்கலாம்' என்று கம்பெனிக்கு ஒப்புதல் தருகிறார். அந்த ஒப்பந்தம் மெக்சிகோ அரசையோ கனடா அரசையோ எப்படிக் கட்டுப்படுத்தும்? இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மூன்றாவது வீட்டுக்காரனிடம் நீட்டி, கதவைத் திற என்று கேட்பதுபோல.

கனடாவில் இது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1981ல் சிட்னி ஜாஃபி என்ற நில வியாபாரி டொரான்டோவில் இருந்தார். ஃபுளோரிடா வழக்கில் ஜாமீனில் இருந்து ஆஜராகாதவர். இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஃபுளோரிடாவில் ஒப்படைத்தார்கள். கனடா சும்மா விடவில்லை. அந்த இருவரையும் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. 'டெய்லர் தீர்ப்பின்படி எனக்கு உரிமை உண்டு' என்று ஒருவர் வாதாடினார். 1983ல் கியர் எதிர் ஹில்டன் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இருவரும் கனடாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே தண்டனையும் பெற்றார்கள். அதன் தொடர்ச்சியாக 1988ல் இரு நாடுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன: பவுண்டி ஹன்டர் எல்லை தாண்டி ஆளைத் தூக்கினால் அது ஆளை ஒப்படைக்கத் தகுந்த குற்றம்.

ஆகவே சாப்மன் 2003ல் மெக்சிகோவுக்குள் போகும்போது சட்டம் தெளிவில்லாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பசிபிக்கரை

லஸ்டர் விவகாரத்தில் டிவி பார்த்தவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. சாப்மனை அனுப்பியது எந்த ஜாமீன் கம்பெனியும் இல்லை.

லஸ்டரின் ஜாமீன் முதலில் ஒரு கோடி டாலர் என்று வைக்கப்பட்டு, பிறகு பத்து லட்சமாகக் குறைக்கப்பட்டது. அதை லஸ்டர் தரப்பே நீதிமன்றத்தில் கட்டியது. அவர் ஓடியதும் அந்தப் பத்து லட்சமும் பறிமுதல். நடுவில் கம்பெனி இல்லை என்றால் பறிபோன பணத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை, பவுண்டி ஹன்டரை நியமிக்கவும் ஆள் இல்லை. மேலே கறுப்புக்கோட்டு சொன்ன ஒப்பந்த உரிமை இருக்கிறதே, சாப்மனிடம் அதுகூடக் கிடையாது. அமெரிக்காவுக்குள் பிடித்திருந்தாலும் அவர் நிலை பலவீனம்தான்.

பணம் கிடைத்ததா என்றால், இல்லை. பறிமுதலான தொகையில் பங்கு கேட்டு வென்ச்சுரா கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி மறுத்துவிட்டார்.

இனி மெக்சிகோ பக்கம். அங்கே பவுண்டி ஹன்டர் தொழிலே கிடையாது. குற்றம் கண்முன் நடக்கும்போது சாதாரண ஆளும் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று மெக்சிகோ அரசியலமைப்பின் 16வது பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்தவுடன் அருகிலுள்ள அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். லஸ்டர் தெருவில் எந்தக் குற்றமும் செய்துகொண்டிருக்கவில்லை. ஆக அந்தக் கதவும் மூடியது. மிச்சம் இருந்தது 'சட்டவிரோதமாக ஒருவருடைய சுதந்திரத்தைப் பறித்தல்' என்ற குற்றச்சாட்டுதான். சாப்மன், அவர் மகன் லேலண்ட், கூட்டாளி டிம், கூட இருந்த இன்னும் இருவர் என ஐந்து பேர் கைது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த முழுக் கதையிலும் எனக்குச் சுவையான பகுதி. ஜாமீனில் வெளியே வந்த சாப்மன், மகன், கூட்டாளி டிம் மூவரும் வழக்கு முடியும்வரை இருக்காமல் அமெரிக்கா திரும்பிவிட்டார்கள். ஜாமீனில் ஓடுபவர்களைப் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர், மெக்சிகோவின் பார்வையில் ஜாமீனில் ஓடிப்போனவர் ஆனார். இதற்குப் பிறகு 2004ல்தான் அவருடைய டிவி தொடர் ஆரம்பித்தது, 2012 வரை ஓடியது. மெக்சிகோ மறக்கவில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று ஹவாயில் அமெரிக்க மார்ஷல்கள் (கூட்டாட்சி அரசின் காவலர்கள்) மூவரையும் கைது செய்தார்கள். மெக்சிகோவின் ஒப்படைப்புக் கோரிக்கை அது. காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி வெளியே விட்டார்கள்.

அவர் தப்பித்தது தன் பக்க நியாயத்தை நிரூபித்து அல்ல. 2007 நடுவில் மெக்சிகோ நீதிமன்றம், வழக்குக்கான காலவரம்பு முடிந்துவிட்டது என்று சொன்னது. அதை வைத்து நவம்பரில் ஹவாயில் ஒப்படைப்பு வழக்கும் தள்ளுபடி. நாள்காட்டிதான் காப்பாற்றியது.

லஸ்டர் எப்படிப் போனார் என்பதையும் கவனியுங்கள். அவரைச் சாப்மன் அமெரிக்காவுக்குக் கொண்டுவரவில்லை. வழியில் உள்ளூர் போலீஸ் எல்லோரையும் நிறுத்தியது, அவர் யார் என்று தெரிந்தது, மெக்சிகோ அவரை வெளியேற்றி அமெரிக்க அதிகாரிகளிடம் கொடுத்தது. இதே வேலை ஒரு போன் தகவலிலும் நடந்திருக்கும் என்பது என் கருத்து. பிறகு 2013ல் அவர் தண்டனை 124லிருந்து 50 வருடமாகக் குறைந்தது, ஆனால் அதற்குக் காரணம் பிடித்த விதம் இல்லை.

வழக்குப்பைத்தியம்

நன்றி. அப்படியானால் நாலாவது கேள்விதான் முக்கியமாகிறது. கம்பெனிகள் என்ன செய்கின்றன? பணத்தை விட்டுவிடுகின்றனவா?

பத்திரக்கணக்கு

விடுவதில்லை. கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன், லஸ்டர் ஓடியதும் அங்கிருந்துதான். மற்ற மாநிலங்களில் நாள்கணக்கு மாறும். இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் காசுக்கு ஜாமீன் தரும் கம்பெனியே கிடையாது.

முதலில் கணக்கு. இரண்டு லட்சம் டாலர் ஜாமீன் என்று வையுங்கள். கம்பெனிக்குக் கிடைக்கும் கட்டணம் வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 20,000. ஆளைப் பிடித்துக் கொடுப்பவருக்கும் வழக்கமாக ஜாமீன் தொகையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ. அவ்வளவுதான், சம்பாதித்தது முழுக்கப் போய்விட்டது. இதற்கு மேல் விமானம், உள்ளூர் வக்கீல், மொழிபெயர்ப்பாளர் செலவு. அதனால் கம்பெனியின் குறி ஆளைத் திரும்பக் கொண்டுவருவது அல்ல. பறிமுதல் ஆணையை ரத்து செய்ய வைப்பது. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஆள் வராத அன்று நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் பறிமுதலை அறிவிக்க வேண்டும். 400 டாலருக்கு மேற்பட்ட பத்திரம் என்றால் 30 நாளுக்குள் கம்பெனிக்கு நோட்டீஸ் தபாலில் போக வேண்டும். போகாவிட்டால் கம்பெனி அப்போதே விடுதலை. ஆகவே முதலில் சரிபார்ப்பது தபால் தேதியைத்தான், ஆள் எங்கே என்பதை அல்ல. அங்கிருந்து 180 நாள், தபாலுக்கு 5 நாள் சேர்த்து 185. அது போதாவிட்டால், இதுவரை என்னென்ன தேடினோம் என்று சான்றுகளோடு காட்டி இன்னும் 180 நாள் வரை நீட்டிப்பு கேட்கலாம். 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கிடைக்காது. தேதி, இடம், யாரிடம் பேசினோம் என்பதெல்லாம் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் ஆளுக்கு உள்ள வழி தண்டனைச் சட்டம் 1305ன் ஜி உட்பிரிவு. அதில் நான்கு அம்சங்கள் ஒன்றுசேர வேண்டும். ஜாமீன் ஏஜென்ட் ஆளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். அது அந்த ஊர் போலீஸ் அதிகாரியின் முன்னிலையில் நடக்க வேண்டும். 'தேடப்படும் ஆள் இவர்தான்' என்று அந்த அதிகாரி, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இதையெல்லாம் அரசு வழக்குத் தரப்பிடம் தெரிவித்த பிறகு, அவர்கள் 'நாங்கள் ஒப்படைப்புக் கேட்கப்போவதில்லை' என்று முடிவெடுக்க வேண்டும். நான்கும் இருந்தால் நீதிமன்றம் பறிமுதலை ரத்து செய்தே ஆக வேண்டும். ஆள் அங்கேயே இருந்துவிட்டுப் போகலாம், கம்பெனிக்கு அதில் கவலையில்லை.

படிக்க எளிது, நடைமுறையில் எங்கெல்லாம் உடைகிறது என்று பாருங்கள்.

'தற்காலிகமாக நிறுத்திவை' என்று கலிஃபோர்னியா சொன்னாலும் மெக்சிகோ சட்டம் ஏஜென்டுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. ஏஜென்ட் தானே கையைப் பிடித்தால் சாப்மன் கதைதான். அதனால் உள்ளூர் போலீஸே அடையாள அட்டை அல்லது விசா சோதனைக்கு ஆளை நிறுத்தும்படி ஏற்பாடு செய்து, ஏஜென்ட் பக்கத்தில் நிற்பதுதான் பாதுகாப்பு. கைவிலங்கு, பெப்பர் ஸ்ப்ரே, போலீஸ் போலத் தெரியும் பேட்ஜ் எதையும் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோக வேண்டியவை: கைது வாரண்டின் சான்றிட்ட நகல், சிறையில் எடுத்த புகைப்படம், கைரேகைத் தாள், ஜாமீன் பத்திர நகல், இவை எல்லாவற்றின் மொழிபெயர்ப்பு.

பிரமாணப் பத்திரம் அடுத்த கண்ணி. கையெழுத்திடுபவர் பணியில் உள்ள போலீஸ் அதிகாரியாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்றவர், தனியார் காவலர், ஏஜென்டின் நண்பர் என்றால் காகிதம் வீண். அதிகாரியின் பெயர், பணி எண், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் எந்த இடத்தில் பார்த்தார், எதை வைத்து அடையாளம் கண்டார் (புகைப்படமா, கைரேகையா) எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். உறுதிமொழி வாசகம் விட்டுப்போனால் அதுவே தோற்க ஒரு காரணம் ஆகும். அதை அந்த ஊர் மொழியில் எழுதி வாங்கிவிட்டுப் பிறகு மொழிபெயர்ப்பதே நல்லது. படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் அதிகாரி கையெழுத்திட்டார் என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.

எல்லாவற்றையும்விட மோசமான கண்ணி, வழக்குத் தரப்பு 'ஆம்' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல் இழுப்பது. சட்டம் கேட்பது 'ஒப்படைப்புக் கேட்கப்போவதில்லை' என்ற முடிவை. 'கேட்போம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்' என்று சொல்லிவிட்டால் ஜி உட்பிரிவு கிடைக்காது. 185 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காகவே எச் உட்பிரிவு வந்தது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் கடிகாரத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் அந்த ஒப்புதல் வழக்குத் தரப்பு தந்தால்தான் உண்டு, நீதிபதி தானாக நிறுத்த முடியாது என்று 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஆளைக் கண்டுபிடித்த அன்றே வழக்குத் தரப்புக்கு எழுத்தில் போக வேண்டும், முடிவு கேட்க வேண்டும், கூடவே 'நிறுத்திவைக்கச் சம்மதமா' என்ற கேள்வியும் போக வேண்டும். 170வது நாளில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பணம் போனதுதான்.

வேறொரு வழியும் உண்டு, கம்பெனிகள் விரும்புவது அதைத்தான், ஏனென்றால் செலவு குறைவு. கடுங்குற்ற வாரண்ட் இருப்பவரின் பாஸ்போர்ட்டை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். செய்துவிட்டால் அவர் இருக்கும் நாட்டில் ஆவணம் இல்லாத அன்னியர் ஆகிறார். குடியேற்றத் துறை பிடித்து வெளியேற்றினால், எல்லையில் மார்ஷல்கள் நிற்பார்கள். முறையான ஒப்படைப்புக் கோரிக்கைக்கு ஆகும் மாதங்கள் இதில் ஆகாது. லஸ்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்தார். இங்கே ஏஜென்டின் வேலை துல்லியமான முகவரி தருவது மட்டும். அந்த முகவரி பெரும்பாலும் எங்கிருந்து வரும் என்றால், ஜாமீனுக்கு வீட்டை அடகு வைத்துக் கையெழுத்திட்ட அத்தை, மாமாவிடமிருந்து. வீடு போகப்போகிறது என்று நோட்டீஸ் வந்ததும் நினைவு தெளியும்!

கறுப்புக்கோட்டு

மிச்சமிருந்த இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. 'ஆளைக் கொண்டுவந்த விதம் தப்பு என்றால் வழக்கே செல்லாதா?' அமெரிக்காவில் செல்லும்.

1886ல் கெர் எதிர் இல்லினாய். பெருவில் இருந்த கெர் என்பவரை பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒருவர் பிடித்துக் கொண்டுவந்தார். கையில் முறையான ஒப்படைப்புக் காகிதங்கள் இருந்தும் அவற்றை யாரிடமும் நீட்டவேயில்லை. நீதிமன்றம், ஆள் முன்னால் நிற்கிறாரா, அது போதும் என்றது. 1992ல் இன்னும் கடுமை. குவாதலஹாராவிலிருந்து அல்வாரெஸ் மச்சைன் என்ற டாக்டரை, அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரி கமரேனாவின் கொலையில் சம்பந்தம் என்று, பணம் பெற்ற ஆட்கள் 1990ல் தூக்கி எல் பாசோவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் விசாரணை செல்லும் என்றது. அதே வருடம் கீழ் நீதிமன்றத்தில் சான்று போதாமல் அவர் விடுதலை ஆனார், அது வேறு கதை. மெக்சிகோவுக்கு வந்த கோபத்தில் 1994ல் எல்லை தாண்டிய கடத்தலைத் தடை செய்யும் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அது நடைமுறைக்கே வரவில்லை.

ஆனால் கவனிக்கவும், இதெல்லாம் கடத்தப்பட்டவரின் வழக்கு பற்றி. கடத்தியவருக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பல பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பிரான்ஸில் ஆந்த்ரே பாம்பெர்ஸ்கி, மகளின் மரணத்துக்குக் காரணமான டாக்டர் க்ரோம்பாக்கை 2009ல் ஜெர்மனியிலிருந்து ஆட்களை வைத்துத் தூக்கி மியூலூஸ் நகரில் போடவைத்தார். டாக்டருக்கு 15 வருடம் கிடைத்தது. பாம்பெர்ஸ்கிக்கும் 2014ல் ஒரு வருடம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக.

எல்லா நாடும் அமெரிக்கா போல இல்லை. தென்னாப்பிரிக்கா 1991ல் எப்ராஹிம் வழக்கிலும், இங்கிலாந்து 1993ல் பென்னட் வழக்கிலும், அரசு கை கலந்த கடத்தல் என்றால் விசாரணையையே மறுக்கலாம் என்றன. பிரிட்டன் சிறையிலிருந்து தப்பிய ரயில் கொள்ளையர் ரானி பிக்ஸை 1981ல் ரியோவிலிருந்து தூக்கிப் படகில் ஏற்றியவர்கள் பார்படோஸில் மாட்டினார்கள். அங்கே பிரிட்டனோடு ஒப்படைப்பு ஏற்பாடு சட்டப்படி நடைமுறையில் இல்லை என்று நீதிமன்றம் சொல்ல, அவர் மறுபடி பிரேசிலுக்கே போய்விட்டார். எந்தக் கரையில் இறங்குகிறோம் என்று பார்க்காததன் விலை அது.

நம் ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் சாவர்க்கர். 1910ல் மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் கரையேறியவரை பிரெஞ்சுக் காவலர் பிடித்து பிரிட்டிஷாரிடமே கொடுத்துவிட்டார். ஹேக் தீர்ப்பாயம் 1911ல், தப்பு நடந்திருந்தாலும் திருப்பித் தரவேண்டிய கடமை இல்லை என்றது.

சும்மாவந்தவன்

இன்டர்போல் ரெட் நோட்டீஸ் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்தானே? பின்லேடன் தலைக்கு இரண்டரைக் கோடி டாலர் அறிவித்தபோது அப்படித்தானே பலர் கிளம்பினார்கள்?

பசிபிக்கரை

ரெட் நோட்டீஸ் கைது வாரண்ட் இல்லை தம்பி. ஒரு நாட்டு போலீஸ் மற்ற நாட்டு போலீஸுக்கு அனுப்பும் வேண்டுகோள். தனி ஆளுக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது. அமெரிக்க அரசின் பரிசுகளும் பெரும்பாலும் தகவலுக்குத்தான், தூக்கிவருவதற்கு இல்லை. 2004ல் காபூலில் ஜோனதன் ஐடெமா என்ற முன்னாள் ராணுவ ஆள், பயங்கரவாதிகளைப் பிடிக்கிறேன் என்று தனியாகச் சிறையே நடத்தினார். ஆப்கன் நீதிமன்றம் பத்து வருடம் போட்டது, 2007ல் மன்னிப்பில் வெளியே வந்தார்.

இந்தியாவில் ஏன் இந்தத் தொழில் இல்லை என்று கேட்பீர்கள். இங்கே காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் தருவதும், ஜாமீன்தாரருக்கு நஷ்டம் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவரே ஈடுகட்டுவேன் என்பதும் பொதுநலனுக்கு விரோதம், 1872 ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவில் செல்லாது. டெய்லர் தீர்ப்பு வந்த அதே 1872!

வழக்குப்பைத்தியம்

கடைசியாக ஒன்று. சாப்மன் தொடரில் துப்பாக்கியே வைத்துக்கொள்ள மாட்டார், பெப்பர் ஸ்ப்ரேதான். அது அவர் கொள்கையா?

பத்திரக்கணக்கு

கொள்கை என்று சொல்லலாம், ஆனால் வேறு வழியும் இல்லை. எழுபதுகளில் டெக்சாஸில் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று ஹன்ட்ஸ்வில் சிறையில் 18 மாதம் இருந்தவர் அவர். கடுங்குற்றத் தண்டனை உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. 2012ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகப் போக பிரிட்டன் விசா மறுத்ததும் அந்தப் பழைய தண்டனையால்தான்.